ஓட்ஸ் இல்லாத இடம்

"இங்கயும் படையல் போட்டியாடி?" என்று காமேஸ்வரி அக்கா என்னைக் கேட்டார். செங்கம் ரோட்டில் அறை எடுத்து ஆராய்ச்சி செய்கிறவர். நான் அங்கே பாத்திரம் கழுவுகிறேன்.

கிரிவலப் பாதையின் வரைபடத்துமேல் ஒரு கண்ணாடித் தட்டு. எட்டு லிங்கங்கள் இருக்கும் இடங்களிலும் ஓட்ஸ். நடுவே மஞ்சள் பூஞ்சை. அதற்கு மூளை கிடையாது; ஆனாலும் இரை தேடி இழை விட்டு, குறுக்கு வழி கண்டுபிடித்துவிடுமாம். தினமும் காலையில் ஓர் இழை மட்டும் ஓட்ஸே இல்லாத இடத்தில் போய் நிற்கும். நான்தான் அங்கே எதையோ தின்ன வைக்கிறேன் என்று திட்டிக்கொண்டே அக்கா துடைத்துவிடுவார்.

"நான் தொடவே இல்லக்கா" என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது.

"நாளைக்கும் இப்படி இருந்தா வேலைக்கு வராத."

உப்பென்றால் பூஞ்சைக்கு ஆகாது. அந்த இடத்தைச் சுற்றி உப்பு வைத்து, தட்டை அலமாரியில் பூட்டினார்.

மறுநாள் அவரே திறந்தார். இழை உப்பைத் தாண்டி அங்கேயே நின்றது.

"அடி அண்ணாமலை ஊருல இந்த இடத்துல என்னதான்டி இருக்குது?"

"எங்க வீடுக்கா."

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். நான் எரிச்சலோடு போய்ப் பாத்திரங்களைக் கழுவினேன். திரும்பி வந்தபோது இழை எங்கள் வீட்டை விட்டுக் கிளம்பியிருந்தது. அதன் நுனி வரைபடத்துச் செங்கம் ரோட்டில், நாங்கள் நின்றிருந்த அறையின்மேல் இருந்தது.

அக்கா என்னைப் பார்த்தார். "இது உன்னையத்தான்டி தேடுது" என்று செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.