திருப்பி வெட்டிய எழுத்து

பதினொரு நாளில் மூன்றாவது முறையாக, தையல்கடைக் கண்ணாடிக் கதவில் ஒட்டத் தன் பெயர் போட்ட அதே ஸ்டிக்கரைக் கேட்டு வந்தாள் தையல்காரி.

வீட்டிலேயே ஸ்டிக்கர் வெட்டித் தரும் பக்கத்துத் தெரு அக்கா அலுத்துக்கொண்டாள். “மறுபடியும் உரிஞ்சிடுச்சா? கண்ணாடியைச் சோப்புத் தண்ணியில துடைச்சியா?”

“துடைச்சேன்.”

“குமிழ் இல்லாம அழுத்தித் தேய்ச்சியா?”

“தேய்ச்சேன். இந்தத் தடவை எழுத்தை இடவலமாத் திருப்பி வெட்டிக் குடுங்க.”

“நல்ல கூத்து! அதை யாரு படிப்பா?”

“தெருவுல போறவங்கதான். கண்ணாடிக்கு உள்பக்கம் ஒட்டப்போறேன்.”

“வெளிய ஒட்டினா என்னவாம்?”

தையல்காரி நிமிர்ந்து பார்த்தாள். “ஸ்டிக்கர் தானா உரியலக்கா. பொம்பளை பேருல கடையான்னு எங்கண்ணன்தான் பிளேடு வச்சுச் சுரண்டுறான். கடைச்சாவி என்கிட்டதான் இருக்கு. இனிமே சுரண்டட்டும், பார்க்கலாம்.”