கழற்றி வைத்த குரல்

சிகாகோவில் வீடில்லாத கறுப்பின இளைஞர்களுக்கு வாடகை வீடு பிடித்துக் கொடுப்பது, தானும் கறுப்பினத்தவளான லொரெய்னின் வேலை. அதில் அவளுக்குத் தலைகொள்ளாத பெருமை.

“போன்ல வீட்டுக்காரங்ககிட்ட வெள்ளைக்காரங்க மாதிரி பேசணும், டைரீ. இல்லேன்னா வீடு இல்லேன்னுடுவாங்க. சொந்தக் குரலைக் கழட்டி வெச்சுடு.”

“நேர்ல பாத்தா தெரிஞ்சுடுமே, மிஸ் லொரெய்ன்?”

“அங்கே நான் பேசிக்கறேன். நீ வாயைத் திறக்காதே.”

நான்கு மாதமாகப் பேருந்தில் தூங்கும் டைரீ தலையாட்டினான். லொரெய்ன் குரலை மாற்றிக்கொண்டு போன் செய்தாள். வீட்டுக்காரர் கெய்ன்ஸ் செய்தி வாசிப்பவர்போலப் பேசி, உடனே வரச் சொன்னார்.

கதவைத் திறந்தவரும் கறுப்பர்தான்.

“அட, நம்மாளுங்களா! போன்ல நல்லா ஏமாத்திட்டியேம்மா!”

“நீங்க மட்டும் என்னவாம்?”

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கெய்ன்ஸ் சாவியை எடுத்தார். “வீடு உனக்குத்தான், தம்பி. நேத்து ஒரு பய கூப்பிட்டான். பேச்சுலயே நம்ம பயன்னு தெரிஞ்சுது. எதுக்கு வம்புன்னு, வீடு போயிடுச்சுன்னு சொல்லிட்டேன்.”

டைரீ அப்போதுதான் வாயைத் திறந்தான்.

“அது நான்தான், சார்.”

சாவியைக் கொடுக்கும்போது கெய்ன்ஸ் தரையைப் பார்த்தார். லொரெய்னும்தான்.