கடிதத்தைச் சுருக்கிய நரி

கால் வீங்கிய மான் ஒன்று மூங்கில் புதருக்குள் படுத்துக் கிடந்தது. அக்கரையில் இருக்கும் கரடி வைத்தியருக்கு அது கடிதம் அனுப்ப வேண்டும். கிளியிடம் கொடுத்தால் பிரிக்காமல் கொண்டுபோகும். ஆனால் நீளமான கடிதத்தின் கனத்தோடு பறக்க இரண்டு நாளாகும்.

“என்னிடம் கொடுங்கள் அக்கா. சுருக்கி எடையைக் குறைத்து இன்றைக்கே சேர்த்துவிடுகிறேன். கூலியே வேண்டாம்,” என்றது நரி.

“அப்படியென்றால் பிரித்துப் படிப்பாயா?”

“படிக்காமல் எப்படிச் சுருக்குவது? படித்ததும் மறந்துவிடுவேன்.”

மான் சம்மதித்தது. மாலைக்குள் மருந்து வந்துவிட்டது.

மறுநாள் ஊன்றுகோல் விற்கும் குரங்கு வந்து, “கால் வீக்கமாமே?” என்று விசாரித்தது. ‘காட்டுக்கே என்மேல் எவ்வளவு அக்கறை!’ என்று மான் பூரித்துப்போனது. மதியம் சிறுத்தை வந்தது. “வலது பின்னங்கால்தானே?” என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் பாய்ந்தது.

மான் நொண்டிக்கொண்டே ஆற்றில் விழுந்து, பாதி வாலைப் பறிகொடுத்து உயிர் தப்பியது. கரையேறியதும் ஆத்திரத்தோடு தன் கூட்டத்துக்கு நீளமாக எழுதியது: ‘நரியை நம்பாதீர்கள். நாம் எழுதுவதையெல்லாம் படித்துச் சிறுத்தையிடம் விற்கிறது.’

கிளியைக் கூப்பிட்டுக் கேட்டது. “இரண்டு நாளாகும்,” என்றது கிளி.

“இவ்வளவு அவசரமான செய்திக்கு இரண்டு நாளா?” என்று சலித்துக்கொண்ட மான், நரியை வரச்சொன்னது.

நரி மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டு போனது. அன்று மாலையே கூட்டத்துக்குச் செய்தி கிடைத்தது. இரண்டே சொற்கள்: ‘நரியை நம்புங்கள்.’