வருமானச் சான்று

“மாசம் எவ்வளவு சம்பாதிக்கீரு?” என்று கேட்டார் கிராம நிர்வாக அலுவலர். அவர் கையெழுத்திட்டால்தான் வருமானச் சான்றும், அதை வைத்துக் காப்பீட்டு அட்டையும் கிடைக்கும். அட்டை இல்லாமல் சூசைக்கு இதய அறுவைச் சிகிச்சை நடக்காது. “வேலைக்குப் போகலன்னு மட்டும் சொல்லுங்க” என்று பஸ்ஸில் மனைவி லூர்து நாலு தடவை சொல்லியிருந்தாள்.

முப்பது வருடம் கொத்தனாராக இருந்த சூசை நிமிர்ந்து உட்கார்ந்தான். “இருபத்தஞ்சாயிரம் சார். எனக்குக் கீழ எட்டு ஆளு வேல பாக்காங்க.”

பேனா நின்றது. “அப்போ உமக்குச் சான்று தர முடியாதே.”

லூர்து முன்னால் வந்தாள். “அது நல்லா இருந்தப்ப சார். ரெண்டு வருசமா இவரு கொத்துக் கரண்டியத் தொடல. நான் தீப்பெட்டி ஆபீசுக்குப் போயித்தான் கஞ்சி குடிக்கோம்.”

“இந்தம்மா சொல்றது நெசமா?”

சூசை தலையைக் குனிந்துகொண்டான். பின்னால் வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அவள் மேசையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“நெசந்தான்” என்றான் கடைசியில். அது அவன் குரல் மாதிரியே இல்லை.

கையெழுத்து விழுந்தது. வெளியே வந்ததும் அவன் திரும்பிப் பாராமல் விறுவிறுவென்று நடந்தான். வேகமாக நடக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மெதுவாகப் போங்க என்று சொல்ல லூர்துவுக்கு வாய் வரவில்லை.