பின் சீட்டு

“பேரிங் ஆடுதுங்க. பின்சக்கரம் இப்படிக் கெடக்கையில மலை இறங்குனா உசுரு தங்காது,” என்றான் சேனாதிபதி.

பெருமாள்மலையில் தன் பட்டறையைப் பூட்டிவிட்டு, அவன் திண்டுக்கல் பஸ்ஸுக்குக் கிளம்பிய நேரம். வெள்ளைக்காரன் காலத்து மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த பெரியவர் கெஞ்சினார்.

“வெரசா பாருங்க தம்பி. நான் திண்டுக்கல் கோர்ட்டுக்குப் போயாகணும்.”

“எனக்கும் அங்கதாங்க சோலி. பஸ்ஸு போயிரும்.”

“பின்னாடி ஏறிக்குங்க, நானே கூட்டிட்டுப் போறேன்.”

சேனாதிபதி சக்கரத்தைக் கழற்றி, கைவசம் இருந்த ஒரே பேரிங்கைப் பொருத்தினான். செய்யாத மரத்திருட்டுக்காகக் கூண்டில் நிற்கப்போகும் தம்பி மலைச்சாமிக்குத் துணையாக இன்று அவன் அங்கே இருந்தாக வேண்டும். வளைவுகளில் வண்டி ஆடாமல் இறங்கியபோது, பெரியவரை முருகனே அனுப்பியதாக நினைத்துக்கொண்டான்.

கோர்ட்டில் பெரியவர் வண்டியை ஓரங்கட்டப் போனதும், வக்கீல் ஓடி வந்தார்.

“உன் தம்பி தப்பிச்சான்யா! திருடினதைப் பாத்தேன்னு சொன்ன ஒரே ஆளு இன்னும் வரலை. இப்பக் கூப்பிடுவாங்க. ஆளு இல்லேன்னா கேசு நிக்காது.”

உள்ளிருந்து டவாலி ஒரு பெயரைக் கூவினான்.

பெரியவர் வேட்டியை உதறிக்கொண்டு வந்து, சேனாதிபதியின் தோளைத் தட்டினார்.

“வண்டியப் பாத்துக்குங்க தம்பி. ஒரு சாட்சி சொல்லிட்டு வந்துர்றேன்.”