இரண்டாவது கிண்ணம்

"பெரியவரு தைவான்காரரு ரூம்ல குந்திக்கினு பால் டீ அடிக்கிறாருடா. வாசன இங்க வரைக்கும் தூக்குது!"

ஜன்னலுக்கு வெளியே கேட்டது சரவணனின் குரல். ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்த இளமதியின் விரல்கள் நின்றன.

பெரியவர் என்றால் ஃபிட்டர் தணிகாசலம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அந்தக் கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர். சாயங்காலம் கான்டீனுக்கு இரண்டு டீ கேன் வரும். பால் டீ பர்மனென்ட் ஆட்களுக்கு. கருப்பு டீ கான்ட்ராக்ட் ஆட்களுக்கு.

"அவங்களுக்கும் பால் ஊத்தற வரைக்கும் எனக்கும் வேணாம்" என்று பொங்கல் முடிந்த கையோடு கருப்பு டீ வரிசையில் போய் நின்றவர் அவர். அவர் முகத்துக்காக மற்ற பர்மனென்ட் ஆட்களும் பல்லைக் கடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்கள். பால் டீ கேன் தினமும் வந்தபடியே திரும்பிப் போனது. மேனேஜர் இறங்கி வருகிற மாதிரிதான் இருந்தது.

இப்போது அவரே வழுக்கிவிட்டார் என்றால்? இன்றைக்கே பால் டீ கேன் காலியாகிவிடும். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு ஜென்மத்துக்கும் கருப்பு டீதான்.

ஆனால் அது பால் டீ இல்லை. இளமதிக்குத் தெரியும்.

புது மிஷினைப் பொருத்த தைவானிலிருந்து வந்திருந்த இன்ஜினியர் லின், தன் அறையில் தானே போட்டுக் குடிக்கும் ஊலாங் டீ அது. வந்த புதிதில் அவளுக்கும் ஒரு சின்னக் கறுப்புக் கிண்ணத்தில் கொடுத்தார். காய்ச்சி இறக்கிய பாலில் ஏடு படியும்போது ஒரு வாசனை வருமே, அதே வாசனை. குடித்தால் நாக்கில் வெண்ணெய் தடவின மாதிரி ஒரு வழவழப்பு. பால் பவுடர் கலந்திருக்கிறார் என்றுதான் அவளும் நினைத்தாள்.

லின் சிரித்துவிட்டு இலையை அள்ளிக் காட்டினார். டிஜிட்டல் கேமராவில் தன் ஊர் மலைத்தோட்டத்தையும் காட்டினார். பாலும் இல்லை, எசென்ஸும் இல்லை. அந்தச் செடியின் குணமே அப்படியாம்.

இதை யாராவது போய்ச் சொல்ல வேண்டும். அவளை விட்டால் ஆளில்லை. ஆனால் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இளமதி கான்டீனில் வாயைத் திறந்தது சாப்பிட மட்டும்தான்.

டீ நேரத்துச் சங்கு ஊதியது. லின்னிடம் கொஞ்சம் இலை கேட்டு வாங்கி, கைக்குட்டையில் முடிந்துகொண்டு கான்டீனுக்கு ஓடினாள்.

அங்கே அதற்குள் ஆரம்பித்துவிட்டது.

"இன்னா நைனா, தைவான் பாலு எப்பிடி? நம்ம எருமப் பாலு மாரி கெட்டியா இருந்துச்சா?" என்றான் சரவணன். அவனும் பர்மனென்ட் ஆள்தான்.

"நாங்க இங்க நாக்கு செத்துப்போய்க் கெடக்கறோம். இவரு ஏ.சி. ரூம்ல..." என்றது இன்னொரு குரல்.

கான்ட்ராக்ட் ஆட்களில் ஒருவனான கலியன் மட்டும், "சும்மா இருங்கப்பா. அண்ணன் அப்பிடிச் செய்ய மாட்டாரு" என்றான்.

இளமதி தொண்டையைச் செருமுவதற்குள் தணிகாசலம் எழுந்துவிட்டார்.

"செஞ்சுட்டேன்டா கலியா."

கையிலிருந்த காலி டம்ளரை மேஜை மேல் வைத்தார்.

"அந்த மனுஷன் ஆசையா நீட்டுனாரு. மூஞ்சில அடிச்ச மாரி வேணாங்க முடியல. ஒரு வாய் குடிச்சதுமே பால்னு தெரிஞ்சுபோச்சு. அப்பவே கீழ வெச்சிருக்கணும். வெக்கல. ரெண்டாவது கிண்ணம் நானா கேட்டு வாங்கிக் குடிச்சேன்."

"அண்ணா, அதுல... அதுல பாலே இல்லண்ணா!"

கீச்சென்று வந்த அந்தக் குரல் தன்னுடையதுதான் என்று இளமதிக்கே நம்ப முடியவில்லை. அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். இலையை ஒரு டம்ளரில் போட்டு வெந்நீர் பிடித்தாள். மிளகு மாதிரி சுருண்டு கிடந்த இலைகள் மெல்ல விரிந்தன. இளம் பொன் நிறத்தில் தெளிந்த தண்ணீர்.

கலியன் மோந்து பார்த்தான். ஒரு வாய் குடித்தான். கண்ணை மூடினான். இன்னொரு வாய் குடித்தான்.

"டேய், இன்னான்னு சொல்லிட்டுக் குடிடா!"

"பால் ருசி இருக்குது. பாலத்தான் காணோம்!"

டம்ளர் கை மாறி மாறிப் போனது. "எங்க ஊட்டுப் பசு கூட இப்பிடி மணக்காதுப்பா" என்றார் ஒருவர். சிரிப்பு கிளம்பியது.

"அப்ப அண்ணன் மேல தப்பே இல்ல!" என்று கத்தினான் கலியன். இளமதிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

தணிகாசலம் மட்டும் சிரிக்கவில்லை.

"பால் இல்லன்னு உனக்குத் தெரியும்மா. எனக்குத் தெரியாதே. பால்ல ஊறவெச்ச எலைன்னு நெனச்சுக்கினுதானே இன்னொரு கிண்ணம் கேட்டேன்."

"அத்த உடு நைனா" என்றார் யாரோ.

"எப்பிடி உடறது? நாக்கு கேட்டுது, குடுத்துட்டேன். இனிமே உங்கள இங்க நில்லுங்கன்னு சொல்ல எனக்கு மூஞ்சி இல்ல. பால் டீ வேணும்றவங்க போய்ப் புடிச்சுக்கலாம். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

சொல்லிவிட்டுக் கருப்பு டீ வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார்.

யாரும் அசையவில்லை. ஆனால் நாலைந்து பேருடைய கண் பால் டீ கேன் மேல் போய் நின்றது.

முதலில் நகர்ந்தவன் சரவணன். கேன் பக்கம் போகவில்லை. லாக்கர் பக்கம் போனான். திரும்பி வந்தபோது கையில் ஒரு சின்ன பிளாஸ்க் இருந்தது. கை கழுவும் தொட்டிக்கு மேலே மூடியைத் திறந்து கவிழ்த்தான். வீட்டிலிருந்து யாருக்கும் தெரியாமல் கொண்டுவந்து, பாதி குடித்து மிச்சம் வைத்திருந்த பால் டீ, ஆவி பறக்கக் கொட்டியது.

பிளாஸ்க்கை அலசி ஓரமாக வைத்துவிட்டு, ஒரு காலி டம்ளரை எடுத்துக்கொண்டு, தணிகாசலத்துக்குப் பின்னால் போய் நின்றான்.