ஓலையின் கடைசி வரி

"மாப்ளே, ஏறாதீய! அங்கன ஒண்ணும் கிடையாது!"

பேச்சிமுத்து மூச்சிரைக்க ஓடிவந்தார். ஆடிச் சாரலில் செண்பகாதேவி அருவிப் பாறையெல்லாம் பாசி. முப்பது வருசமாகக் குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துப் பிழைத்தவருக்கே கால் தரிக்கவில்லை.

கயிறும் கடப்பாரையுமாக அருவிக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டிருந்தான் மருமகன் ஐயம்பெருமாள். தண்ணீருக்குப் பின்னால் குகையாம். குகைக்குள் தென்காசிப் பாண்டியன் ஒளித்த பொன்னாம். பெண்டாட்டி நகை மொத்தத்தையும் விற்றுச் சந்தையில் ஒருவரிடம் அந்த ரகசிய ஓலையை வாங்கியிருந்தான்.

"அது கள்ள ஓலை மாப்ளே! எம் மவ மாசமா இருக்கா. இறங்கி வாங்க!"

"கள்ள ஓலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பேச்சிமுத்து பாறையைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். இனி மறைத்தால் ஆளே மிஞ்சமாட்டான்.

"நாந்தான் எழுதுனேன்! அடுப்புக்கு மேல புகையில கட்டிப் பழசாக்கி, சுதந்திரம் வந்த வருசம் மெட்ராஸ்காரர் ஒருத்தருக்கு வித்தேன். அதுதான் கைமாறி உங்ககிட்ட வந்திருக்கு. எம் மவ மேல சத்தியமாச் சொல்லுதேன்!" என்று கதறி அழுதார்.

ஐயம்பெருமாள் நின்றான். இடுப்பில் செருகியிருந்த ஓலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"இப்பதான் மாமா முழு நம்பிக்கை வந்துது. கடைசி வரி அப்படியே பலிச்சிட்டே!"

விறுவிறுவென்று மேலே ஏறினான்.

பேச்சிமுத்து பாறையிலேயே சரிந்து உட்கார்ந்தார். நாளைக்கு எவனாவது காட்டிக்கொடுத்தாலும் வியாபாரம் கெடக் கூடாதென்று, அன்று அவரே யோசித்துச் சேர்த்த வரி அது:

'இது பொய் ஓலை என்று ஒருவன் அழுது சத்தியம் செய்வான். அவனை நம்பாதே.'